செத்துப்போன நண்பன் ஆவியா வந்து உதவுறான்... இந்தக் கதைக்கும் சிவகாசிக்கும் என்ன சம்பந்தம்?

கதை ரொம்ப சிம்பிள். ஒருத்தருக்கு ஒரு உயிர் நண்பர். அந்த நண்பர் திடீர்னு இறந்துபோறார். கொஞ்ச நாள் கழிச்சு அதே நண்பர் ஆவியா திரும்பி வர்றார். பயமுறுத்த இல்லை, பழிவாங்கவும் இல்லை. உதவி செய்யத்தான் வர்றார்.

செல்போனில் படிக்கிற வெப்காமிக்ஸ்களில் இன்றைக்கு உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் கதைகளில் இதுவும் ஒன்று. "இதெல்லாம் ஜப்பான், கொரியா சமாசாரம்"னு நினைக்க வேண்டாம். தமிழில் இந்தக் கதைக்கு ஏறக்குறைய 2,000 வருஷ வரலாறு இருக்கு. அதுமட்டுமில்லை, தமிழ் காமிக்ஸுக்குத் தலைநகரம்னு ஒரு ஊரைச் சொல்லணும்னா அது சென்னை இல்லை, சிவகாசிதான்.

அதே சிவகாசிதான், காலையில் ஒரே வண்டியில் வேலைக்குப் போன தோழி சாயங்காலம் திரும்பாத வீடுகள் நிறைய இருக்கிற ஊரும். அப்படின்னா, உதவுற ஆவின்னா உண்மையில் என்ன? அது என்ன உதவி செய்யும்? விரிவா பார்க்கலாம்.

வெப்காமிக்ஸ்னா என்ன?

அச்சுப் புத்தகமாக இல்லாமல், நேரடியாக இணையத்தில் வெளியாகிற படக்கதைதான் வெப்காமிக்ஸ். இதிலேயே செல்போன் திரைக்குன்னு மேலிருந்து கீழாகத் தள்ளித் தள்ளிப் படிக்கிற மாதிரி வரைவதை 'வெப்டூன்'னு சொல்றாங்க. தென் கொரியாவின் நேவர் நிறுவனம் 2004-ல் தொடங்கிய வெப்டூன் தளம்தான் இதைப் பெரிய தொழிலாக மாற்றியது.

அந்தத் தளத்தில் 2010 முதல் 2012 வரை ஜூ ஹோ-மின் என்பவர் எழுதி வரைந்த தொடர் 'அலாங் வித் தி காட்ஸ்'. இறந்துபோன ஒரு சாதாரண மனிதனுக்கு மேலுலகத்தில் ஒரு வக்கீல் கிடைத்து, அவனுக்காக வாதாடுவதுதான் முதல் பாகம். இரண்டாம் பாகத்தில் ஒரு ஏழைத் தாத்தாவையும் பேரனையும் அவர்கள் வீட்டுச் சாமிகளே நின்று காப்பாற்றப் பார்க்கின்றன. 2017-ல் இது திரைப்படமாகவும் வந்து வசூலைக் குவித்தது.

ஜப்பானில் 2021-ல் இணையத்தில் தொடங்கிய 'தி சம்மர் ஹிகாரு டைட்' இன்னும் நேரடியானது. மலைக்குப் போன நண்பன் ஹிகாரு காணாமல் போகிறான். ஒரு வாரத்தில் திரும்பி வருகிறான். ஆனா வந்தது அவன் இல்லை என்பது யோஷிகிக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்தும் விட மனசு வரவில்லை. 'அவன் இல்லாமல் இருப்பதற்கு, அவன் மாதிரி ஒன்று கூட இருந்தால்கூடப் பரவாயில்லையா?' என்பதுதான் கதையின் கேள்வி. 2025-ல் இது அனிமேஷன் தொடராக வந்து இந்தியாவிலும் பலர் பார்த்தார்கள்.

இதுக்கும் முன்னாடி, அச்சில் வந்த 'ஹிகாரு நோ கோ' என்ற படக்கதையில், பல நூறு வருஷத்துக்கு முன் இறந்த சாய் என்ற ஆட்டக்காரரின் ஆவி ஒரு பள்ளிச் சிறுவனுக்கு 'கோ' என்ற பலகை விளையாட்டைக் கற்றுக்கொடுக்கும். அந்தக் கதையைப் படித்துவிட்டு ஜப்பானில் ஏராளமான குழந்தைகள் கோ கற்றுக்கொள்ளப் போனார்கள். இல்லாத ஆவி, நிஜப் பிள்ளைகளுக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்துவிட்டது.

தமிழுக்கு இது புதுசா?

இல்லவே இல்லை. புறநானூற்றில் கோப்பெருஞ்சோழன் கதை இருக்கு. பெற்ற பிள்ளைகளோடு ஏற்பட்ட பகையால் மனம் நொந்த சோழன், வடக்கிருந்து உயிர் விட முடிவு செய்கிறான். நேரில் பார்த்தே இராத பிசிராந்தையார் பாண்டிய நாட்டிலிருந்து வருவார் என்று நம்பி, பக்கத்தில் அவருக்கு இடம் ஒதுக்கச் சொன்னான் என்பது நம்மில் பலர் பள்ளிப் பாடத்தில் படித்தது.

அதே நிகழ்வில் இன்னொரு நண்பரும் உண்டு. அவர் பெயர் பொத்தியார். உறையூர்ப் புலவர். அவரும் அரசனோடு சேர்ந்து உயிர் விடத் தயாரானார். ஆனால் அவர் மனைவி அப்போது கர்ப்பமாக இருந்தார். "உனக்குப் பிள்ளை பிறந்த பிறகு வா" என்று சொல்லி அரசன் திருப்பி அனுப்பிவிட்டான். பொத்தியார் திரும்பி வரும்போது அரசன் உயிரோடு இல்லை. அவன் பெயரில் ஒரு நடுகல்தான் நின்றது. "எனக்கான இடம் எது?" என்று அந்தக் கல்லிடம் கேட்கிறார் பொத்தியார். கல்லாகிப் போன பிறகும் நண்பன் இடம் கொடுத்தான் என்று புறநானூற்று மரபு சொல்கிறது.

நல்லா கவனிச்சா, இறந்தவன் சொன்னது என்ன? "முதலில் உன் வீட்டைப் பார். பிறகு வா." தமிழில் உதவும் ஆவிக் கதை இப்படி நட்பிலும் பொறுப்பிலும்தான் தொடங்கியிருக்கு.

இலக்கியத்தோடு இது நின்றுவிடவில்லை. தென் மாவட்டங்களில் பழைய சாலை ஓரங்களில் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருப்பீங்க. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு நடந்து வருகிறவர், இன்னொருவர் கை கொடுக்காமலேயே சுமையை இறக்கி வைக்கலாம், திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். வயிற்றில் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக இதை வைப்பது வழக்கம். பிரசவத்தில் தன் சுமையை இறக்கி வைக்க முடியாமல் போனவள், வழிப்போக்கர்களின் சுமையை இறக்கி வைக்கிறாள் என்பது நம்பிக்கை.

கல்யாணம் ஆகாமல் இறந்த பெண்ணைக் கன்னித் தெய்வமாக வீட்டிலேயே வைத்து, வருஷா வருஷம் புதுத்துணி எடுத்து வைத்துக் கும்பிடும் குடும்பங்கள் இன்றைக்கும் உண்டு. செத்தவர் கைவிட மாட்டார் என்ற நம்பிக்கைதான் இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை.

வேதாளம் செஞ்ச உதவி என்ன?

'அம்புலிமாமா' படித்தவர்களுக்கு விக்கிரமாதித்தன் தோளில் தொங்குகிற வேதாளத்தை மறக்க முடியாது. 1947-ல் தொடங்கிய அந்தப் பத்திரிகையில் பல பத்தாண்டுகள் வந்த தொடர் அது. ஓவியர் சங்கர் வரைந்த படம், உருவிய வாளோடு நடக்கும் ராஜாவும் முதுகில் சவமுமாக, இன்றும் பலர் கண்ணில் நிற்கும்.

வேதாளம் ராஜாவுக்குப் புதையல் காட்டியதா? இல்லை. கதை கதையாகச் சொல்லிக் கேள்வி கேட்டு அவரைச் சோதித்தது. கடைசியில், "உன்னை அனுப்பிய துறவி உன்னையே பலி கொடுக்கப் போகிறான், ஜாக்கிரதை" என்று எச்சரித்தது. அந்த ஒரு எச்சரிக்கையால்தான் ராஜா பிழைத்தார்.

உதவும் ஆவிகளின் வழக்கமான வேலை இதுதான். உயிரோடு இருப்பவருக்குத் தெரியாத ஆபத்து, இறந்தவருக்குத் தெரிந்திருக்கும். அதை வந்து சொல்லும். செய்வதும் செய்யாததும் உயிரோடு இருப்பவர் பொறுப்பு. இந்த விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க. சிவகாசிக்குப் போனதும் இது திரும்ப வரும்.

சிவகாசிக்கு காமிக்ஸ் எப்படி வந்துச்சு?

எல்லாம் தீப்பெட்டியில் ஆரம்பித்தது. 1923-ல் சிவகாசியைச் சேர்ந்த பி.அய்ய நாடாரும் ஏ.சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டி வந்ததும் அதன் மேல் ஒட்ட லேபிள் தேவைப்பட்டது. கலர் கலராக லேபிள் அடிக்க அச்சகங்கள் வந்தன. தீப்பெட்டியோடு பட்டாசும் வளர்ந்தது. பட்டாசுக்கும் லேபிள் வேண்டும். அந்த அச்சகங்களே காலண்டர், டைரி, நோட்டுப் புத்தகம் என்று விரிந்தன. மழை குறைந்த, விவசாயம் பொய்த்த ஒரு கரிசல் பூமி இப்படித்தான் 'குட்டி ஜப்பான்' ஆனது.

கலர் அச்சு தெரிந்த ஊருக்குப் படக்கதை புத்தகம் வருவது அடுத்த படிதானே? 1972-ல் சௌந்திரபாண்டியன் சிவகாசியில் 'முத்து காமிக்ஸ்' தொடங்கினார். 1984-ல் அவர் மகன் எஸ்.விஜயன் 'லயன் காமிக்ஸ்' தொடங்கினார். பிரிட்டன், இத்தாலி, பிரான்ஸ், பெல்ஜியம் நாட்டுப் படக்கதைகள் சிவகாசி வழியாகத்தான் தமிழ்க் கிராமங்களுக்கு வந்தன. இன்றைக்கும் புத்தகக் காட்சிகளில் அந்த ஸ்டாலில் நரைத்த தலைகளின் கூட்டத்தைப் பார்க்கலாம்.

முத்து காமிக்ஸின் முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'தான். 1962-ல் பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில் வந்த 'தி ஸ்டீல் க்ளா' கதையின் தமிழ் வடிவம். நாயகன் லூயிஸ் கிராண்டல் ஒரு ஆய்வுக்கூட உதவியாளர். ஆய்வுக்கூட விபத்தில் அவருக்கு ஒரு கை போய்விடுகிறது. அந்த இடத்தில் இரும்புக் கை பொருத்துகிறார்கள். பிறகு இன்னொரு விபத்தில் மின்சாரம் பாய, உடம்பு முழுக்க மறைந்து இரும்புக் கை மட்டும் தெரிகிறது. முதலில் தடம் மாறிப் போகும் அவர், பிறகு நல்லவர்களுக்கு உதவும் உளவாளி ஆகிறார்.

யோசிச்சுப் பாருங்க. வேலை செய்த இடத்தில் ரசாயனம் வெடித்துக் கை விரல் போனவர்களை அன்றாடம் பார்க்கிற ஊர் அது. அந்த ஊரில் அச்சான முதல் நாயகன், வேலையிடத்து விபத்தில் கையை இழந்தவன். கையை இழந்த பிறகுதான் அவனுக்கு சக்தியே வருகிறது. திட்டமிட்டு நடந்ததில்லை, தற்செயல்தான். ஆனா அந்தப் பகுதிப் பிள்ளைகள் அதைப் படித்தபோது லண்டன் பிள்ளைகளுக்குத் தோன்றாத ஒன்று அவர்களுக்குத் தோன்றியிருந்தால் ஆச்சரியம் இல்லை.

அடுத்து வேதாளர். 1936-ல் லீ ஃபாக் உருவாக்கிய 'தி பேன்டம்' கதாபாத்திரத்தைத் தமிழ் காமிக்ஸ் வாசகர்கள் இந்தப் பெயரில் அறிவார்கள். காட்டு மக்கள் அவரைச் சாவே இல்லாத, நடமாடும் ஆவி என்று நம்புவார்கள். உண்மை என்னன்னா, அவரும் சாகிற மனிதர்தான். ஒரு வேதாளர் இறந்தால் அவர் மகன் அதே முகமூடியைப் போட்டுக்கொள்வார். இப்படி 21 தலைமுறை. அந்த ஆவி வேற எதுவும் இல்லை, கைமாறி வருகிற ஒரு கடமை. செத்தவர் விட்ட வேலையை இருப்பவர் தொடர்வதால்தான் அவர் சாகாதவர்.

சினிமாவில் ஆவி எப்போ நல்லவனாச்சு?

ரொம்ப காலம் நம்ம படங்களில் ஆவின்னா வெள்ளைச் சேலை, கொலுசுச் சத்தம், பழிவாங்கல். 1979-ல் வந்த 'கல்யாணராமன்' அதை மாற்றிய படங்களில் ஒன்று. கமல்ஹாசன் இரட்டை வேடம். கொலையான அப்பாவி கல்யாணம், ஆவியாக வந்து தன் இரட்டைச் சகோதரன் ராமனிடம் உதவி கேட்பார். சிரிக்கவும் வைத்தது, அழவும் வைத்தது.

2014 டிசம்பரில் மிஷ்கினின் 'பிசாசு' வந்தது. விபத்தில் இறந்த பெண்ணின் ஆவி, தன்னைக் காப்பாற்ற ஓடிய இளைஞனின் வீட்டுக்கு வந்து அவனைப் பாதுகாக்கிறது. 2015-ல் வெங்கட் பிரபுவின் 'மாசு என்கிற மாசிலாமணி' வந்தது. சூர்யாவின் நண்பனாக வரும் பிரேம்ஜி விபத்தில் இறந்து, ஆவியாகக் கூடவே சுற்றுகிறார். செத்த நண்பன் உதவும் ஆவியாக வரும் கதைக்குத் தமிழ் சினிமாவில் நேரான உதாரணம் இதுதான்.

இந்த மூன்றிலுமே ஒரு பொது விஷயம் உண்டு. ஆவியால் எல்லாம் செய்ய முடியாது. அதுக்கு ஒரு உயிருள்ள ஆள் தேவை.

மனசு ஏன் இந்தக் கதையைக் கேட்குது?

துக்கத்தைப் பற்றிப் பேசும்போது "மறந்துட்டு அடுத்த வேலையைப் பார்" என்று சொல்வது வழக்கம். மனோதத்துவத்திலும் நீண்ட காலம் கிட்டத்தட்ட இதுதான் கருத்து. 1917-ல் சிக்மண்ட் ஃப்ராய்ட் எழுதிய கட்டுரை ஒன்று, இறந்தவர் மீதான பிடிப்பை மெல்ல மெல்ல விடுவிப்பதுதான் துக்கம் செய்யும் வேலை என்றது.

ஆனால் 1971-ல் டேவி ரீஸ் என்ற மருத்துவர், வேல்ஸ் பகுதியில் துணையை இழந்த 293 பேரிடம் பேசி ஒரு ஆய்வை வெளியிட்டார். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், இறந்த கணவரோ மனைவியோ பக்கத்தில் இருப்பது போல உணர்ந்ததாகவோ, பார்த்ததாகவோ, குரல் கேட்டதாகவோ சொன்னார்கள். பெரும்பாலானோர் அதுவரை அதை யாரிடமும் சொன்னதில்லை. பலருக்கு அது பயமாக இல்லை, ஆறுதலாகவே இருந்தது.

1996-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் மூவர் தொகுத்த நூல் 'தொடரும் பிணைப்பு' என்ற கருத்தை முன்வைத்தது. இறந்தவரோடு உறவு அறுவதில்லை, அதன் வடிவம்தான் மாறுகிறது, அது நோயும் இல்லை என்பது அதன் சாரம். "அண்ணன் இருந்திருந்தா இதுக்கு என்ன சொல்லியிருப்பான்?" என்று யோசித்து நாம் எடுக்கிற முடிவுகள் எல்லாம் இந்த வகைதான்.

நண்பரின் சாவில் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கு. குடும்பத்தில் ஒருவர் இறந்தால் கருமாதி, காரியம், லீவு எல்லாம் உண்டு. நண்பருக்காக அழுகிறவருக்கு இது எதுவும் கிடையாது. மறுநாளே அதே வேலைக்குப் போகணும். அவர் உட்கார்ந்த இடம் காலியா இருக்கும். இந்தக் காலி இடத்துக்குத்தான் வெப்காமிக்ஸ் ஆவி வந்து உட்காருது.

சிவகாசியில் அந்த ஆவி என்ன சொல்லும்?

விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் பகுதிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாசு ஆலைகள் இயங்குகின்றன. உள்ளூரில் இதை 'பட்டாசு ஆபீஸ்'னுதான் சொல்வாங்க. தொழிலாளர்களில் பெண்கள் கணிசம். ஒரே தெரு, ஒரே வண்டி, ஒரே ஷெட். பக்கத்து வீட்டு அக்காதான் வேலையிலும் பக்கத்து இருக்கை.

ஒரு கற்பனைக்கு, இந்த மண்ணில் ஒருவர் அப்படி ஒரு வெப்காமிக்ஸ் வரைகிறார்னு வெச்சுக்குவோம். விபத்தில் இறந்த தோழி ஆவியாக வந்து பக்கத்தில் உட்கார்கிறாள். அவளுக்கு என்ன தெரிந்திருக்கும்? இதெல்லாம்தான்.

முதலில், மருந்துக் கலவை. பட்டாசு மருந்து என்பது எரியும் பொருளும், எரிய ஆக்சிஜன் கொடுக்கும் பொருளும் சேர்ந்தது. கலந்த பிறகு அதற்கு வெளிக்காற்றுகூடத் தேவையில்லை. ஒரு உராய்வு, ஒரு தீப்பொறி போதும். அலுமினியத் தூள் உள்ள கலவையில் ஈரம் பட்டால் தானாகவே சூடேற ஆரம்பிக்கலாம். அதனால்தான் கலந்த மருந்தை மறுநாளுக்கு மிச்சம் வைக்கக் கூடாது என்கிறார்கள். கந்தகத்தையும் குளோரேட் உப்பையும் கலந்தால் மிக லேசான உராய்வுக்கே வெடிக்கும் என்பதால், 1992-ல் அந்தக் கலவைக்கு மத்திய அரசு தடை போட்டது.

இரண்டாவது, ஆட்களின் எண்ணிக்கை. மருந்து கையாளும் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. ஷெட்டுக்கும் ஷெட்டுக்கும் இடைவெளி வேண்டும். ஒரு அறையில் வெடித்தால் அடுத்த அறைக்குப் பரவக் கூடாது, வெடித்தாலும் உயிரிழப்பு குறைவாக இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. தீபாவளி நெருக்கத்தில் ஆர்டர் குவியும்போது அறையில் கூடுதல் ஆட்களை உட்கார வைப்பதும், மரத்தடியில் வேலை செய்ய வைப்பதும் அந்தக் கணக்கையே குலைத்துவிடுகின்றன.

மூன்றாவது, சின்னச் சின்ன விஷயங்கள். இரும்புக் கருவி கூடாது. நைலான், பாலியஸ்டர் உடையில் நிலைமின்சாரம் சேரும் என்பதால் பருத்தி உடைதான் நல்லது. செல்போன் உள்ளே வரக் கூடாது. மருந்துத் தட்டை இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்கணும்.

நான்காவது, இதுதான் ரொம்ப முக்கியம். வெடித்த இடத்துக்கு ஓடிப் போகக் கூடாது.

2012-ல் என்ன நடந்துச்சு?

2012 செப்டம்பர் 5-ம் தேதி, சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையில் தீப்பிடித்தது. அடுத்தடுத்து ஷெட்கள் வெடித்தன. 38 பேர் இறந்தார்கள். நாட்டையே உலுக்கிய விபத்து அது. இறந்தவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்களே இல்லை. முதல் வெடிச் சத்தம் கேட்டு, உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்றவும் என்ன ஆச்சுன்னு பார்க்கவும் பக்கத்து ஊர்களிலிருந்து ஓடியவர்கள். அடுத்த வெடிப்பு அவர்களைக் கொண்டுபோனது.

நண்பனைக் காப்பாற்ற ஓடுவதைத் தப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பட்டாசு ஆலையில் முதல் வெடி பெரும்பாலும் கடைசி வெடி இல்லை. அன்றைக்கு ஓடிப் போய் உயிர் விட்டவர்கள் திரும்பி வந்து ஒரே ஒரு வரி சொல்ல முடியுமானால், "தள்ளி நில்லு, தீயணைப்பு வண்டி வரட்டும்" என்பதாகத்தான் இருக்கும்.

2021 பிப்ரவரி 12-ல் சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் நடந்த விபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, ஷெட்களைப் பலருக்குப் பிரித்து உள்குத்தகைக்கு விடும் பழக்கம் அப்போதுதான் பெரிய அளவில் பேசுபொருளானது. உள்குத்தகையில் என்ன ஆபத்து? குத்தகைக்கு எடுத்தவர் கொடுத்த காசைக் குறுகிய நாளில் எடுக்கப் பார்ப்பார். ஆட்களும் மருந்தும் கூடும். யார் பொறுப்பு என்பது மட்டும் குறையும்.

ஆவியால் முடியாத வேலை எது?

வேதாளம் ராஜாவை எச்சரித்தது. ஆனா வாளை எடுத்தது ராஜாதான். இங்கேயும் அப்படித்தான். நாட்டில் உள்ள வெடிபொருள் விதிகளில் பல, யாரோ இறந்த பிறகு எழுதப்பட்டவை. ஒரு விசாரணை அறிக்கை என்பது, இறந்தவர்களால் சொல்ல முடிந்ததை உயிரோடு இருப்பவர்கள் எழுதி வைத்த காகிதம். அதைப் பின்பற்றினால்தான் அது உதவி. ஃபைலில் தூங்கினால் இல்லை.

இன்னொரு வேலையும் ஆவியால் முடியாது. இழப்பீட்டு மனுவில் கையெழுத்துப் போட முடியாது.

வேலையில் இறந்த தொழிலாளியின் குடும்பத்துக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது இந்தியாவில் 1923-ம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே இருக்கிற உரிமை. இ.எஸ்.ஐ-யில் பதிவான தொழிலாளி பணியில் இறந்தால், அவரைச் சார்ந்திருந்த குடும்பத்துக்கு அவரது சராசரி ஊதியத்தில் 90 சதவீத அளவில் உதவித்தொகை உண்டு. மனைவி, பிள்ளைகள், தாய் எனச் சார்ந்தவர்களுக்கு இது பிரித்துக் கொடுக்கப்படும். விபத்தன்று அரசு அறிவிக்கிற நிவாரண நிதி வேறு, இது வேறு. நிவாரணம் ஒரு தடவைதான் வரும். இது தொடர்ந்து வரும்.

2024 நவம்பரில் விருதுநகரில் நடந்த அரசு விழாவில், பட்டாசு ஆலை விபத்தில் இறக்கும் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு உயர்கல்வி வரையிலான செலவை அரசே ஏற்கும் என்று முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார்.

இதெல்லாம் கிடைக்க ஒன்றுதான் அடிப்படை. இறந்தவர் அங்கே வேலை செய்தார் என்பதற்கு ஆதாரம் வேண்டும். வருகைப் பதிவேட்டில் பெயர், சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ எண், பி.எஃப் எண். பீஸ் ரேட்டில், உள்குத்தகைக்காரரிடம், கையில் காசு வாங்கி வேலை செய்பவருக்கு இதில் எதுவும் இல்லாமல் போகலாம். அப்போது பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவரின் சாட்சிதான் முக்கியமாகிவிடும். "ஆமா, அவ என்கூடத்தான் நாலு வருஷமா வேலை பார்த்தா" என்று சொல்லக்கூடிய ஒரே ஆள், அந்தத் தோழிதான்.

அப்படின்னா யார் யாருக்கு உதவுறாங்க?

வெப்காமிக்ஸில் செத்த நண்பன் வந்து உயிரோடு இருப்பவனுக்கு உதவுகிறான். பட்டாசு ஆலைகள் சூழ்ந்த இந்தப் பகுதியில் அது பாதிக் கதைதான். மீதிப் பாதியில், உயிரோடு இருப்பவர்தான் செத்தவருக்கு உதவ வேண்டியிருக்கு. சாட்சி சொல்லணும். அவர் பிள்ளைக்கு மனு எழுதிக் கொடுக்கணும். அவர் இறந்த அதே காரணத்தால் இன்னொருவர் இறக்காமல் பார்த்துக்கணும். முதலாளியிடம் "இந்த ரூமில் இத்தனை பேர் வேண்டாம்" என்று கேட்பதற்குத் தனியாக ஒருவருக்குத் துணிச்சல் வராது. சேர்ந்து கேட்டால் வரும்.

பட்டாசு வாங்குகிற நமக்கும் இதில் ஒரு சின்னப் பங்கு உண்டு. வீட்டுக்குள் திருட்டுத்தனமாகச் செய்யப்படும், கம்பெனி பெயரே இல்லாத சரக்கு விலை குறைவாக இருக்கும். அந்த விலைக் குறைவு எங்கிருந்து வருதுன்னு இப்போது உங்களுக்குத் தெரியும். உரிமம் உள்ள ஆலையின் பெயர் அச்சிட்ட பெட்டியைப் பார்த்து வாங்குங்க. அந்த லேபிளும் பெரும்பாலும் சிவகாசியில் அச்சானதாகத்தான் இருக்கும்.

நீங்களோ உங்களுக்குத் தெரிந்தவரோ பட்டாசு ஆலையில் வேலை செய்தால், இன்றைக்கே ஒரு விஷயத்தைச் சரிபார்த்துக்கோங்க. வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கா? இ.எஸ்.ஐ எண் கையில் இருக்கா? இல்லைன்னா போர்மேனிடம் கேளுங்க. பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவரையும் கேட்கச் சொல்லுங்க.